வெப்பத்தால் செல்களை அழிக்கும் ஆய்வு: மகளின் விருப்பம் குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

இளநிலை இயற்பியல் முடிக்கவிருக்கும் தங்கள் மகள், காந்த நானோதுகள்களை (கண்ணுக்குத் தெரியாத மிகமிகச் சிறிய காந்தத் துகள்களை) சூடாக்கிப் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் ஆய்வில் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். வெந்நீர்த் தொட்டியில் வைத்தாலும் செல் சாகத்தானே செய்யும், இதற்கு எதற்கு இத்தனை ஆண்டுப் படிப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தத் துறையினரே இன்றும் விவாதிக்கும் கேள்வி அது.

வெந்நீர்த் தொட்டியில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்கிறது; செல்களை வளர்க்கும் தட்டிலுள்ள எல்லாச் செல்களும் ஏறத்தாழ ஒரே சூட்டை அடைகின்றன. காந்த முறையில், பெரும்பாலும் இரும்பு ஆக்சைடாலான நானோதுகள்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் காந்தப் புலத்தில் வைக்கப்படுகின்றன. துகள்களின் காந்தத்தன்மை அந்த மாற்றத்துக்குச் சற்றுப் பின்தங்குவதால், செலவாகும் ஆற்றல் அங்கேயே வெப்பமாகிறது. உடலுக்குள் துகள் இருக்கும் இடம் மட்டும் சூடேறும் என்பதே இதன் பெரிய பலம். நிணநீர்க் கணுக்களை இவ்வாறு சூடாக்கலாம் என்ற ஆய்வு 1957-லேயே வெளிவந்தது.

ஒரே வெப்பநிலையில், ஒரே நேரத்துக்குச் சூடாக்கினால் காந்த முறை கூடுதல் செல்களை அழிக்குமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அழிக்கும் என்று காட்டிய சோதனைகள் உண்டு; செல் விழுங்கிய துகள்கள், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பையான லைசோசோமில் சேர்ந்து அதன் சவ்வைச் சிதைப்பதைக் காரணமாகக் கூறுவார்கள். ஆனால் தனித்த ஒரு துகளின் வெப்பம் சுற்றிலும் உடனே பரவிவிடுவதால் அதன் அருகில் வெப்பநிலை உயர்வு மிகமிகச் சொற்பம் என்று கணக்குகள் காட்டுகின்றன.

இங்கே அளவீடுதான் எல்லாம். 43 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் தரும் விளைவை 44 டிகிரியில் 30 நிமிடமே தந்துவிடும் என்பது 1984 முதல் பயன்பாட்டிலுள்ள கணக்கு. ஆகவே வெப்பமானி ஒரு டிகிரி குறைத்துக் காட்டினால், செல்கள் பெற்ற வெப்ப அளவு உண்மையில் இரட்டிப்பாகியிருக்கும்; காந்த முறையே மேலானது என்ற முடிவும் பொய்யாகப் பிறந்துவிடும். சாதாரண உலோக வெப்ப உணரி அந்தப் புலத்தில் தானே சூடேறக்கூடும் என்பதால் உலோகமில்லாமல் ஒளியைக் கொண்டு அளக்கும் ஒளியிழை வெப்பமானியை வைக்கிறார்கள். காந்தப் புலத்தை உண்டாக்கும் மின்சுருளின் சூடு தட்டுக்குக் கசியாமலும் காக்க வேண்டும். துகள் மட்டும் இட்ட தட்டு, புலம் மட்டும் காட்டிய தட்டு, துகளோடு வெந்நீரில் வைத்த தட்டு ஆகிய மூன்றும் அருகே இல்லாத ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

தங்கள் மகளின் இயற்பியல் அடித்தளம் இங்கேதான் பயன்படும். எனினும் இந்தப் பொருளை மட்டும் தலைப்பாகக் கொண்ட குறுகிய முதுநிலைப் படிப்பில் இப்போதே சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பாவில் 2010-ல் மூளைக் கட்டிகளுக்கு இம்முறை அனுமதி பெற்றபோதும், அது பரவலான சிகிச்சையாகவில்லை. எனவே இதற்கென்றே அமைந்த வேலைகள் குறைவு. இயற்பியல், உயிர்மருத்துவப் பொறியியல் போன்ற அகன்ற பாடத்தில் முதுநிலை முடித்து, அதற்குள் செல் வளர்ப்பைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டால், மருத்துவக் கருவித் துறை, எம்.ஆர்.ஐ. சார்ந்த பணிகள், மருந்து ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றின் கதவுகளும் திறந்திருக்கும். மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்ற எண்ணினால் அதற்குத் தனித் தகுதி தேவைப்படும். விதிகளை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்தைத் தேர்வு செய்யுமுன், வெப்பநிலையை எதைக் கொண்டு, தட்டின் எந்த இடத்தில் அளக்கிறார்கள், செல் வளர்ப்பு வசதி சொந்தமா இரவலா, முன்பு அங்கே பயின்றவர்கள் இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் தங்கள் மகளே ஆய்வு வழிகாட்டியிடம் நேரில் கேட்கட்டும். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் சேர வேண்டாம்.