மாமியார் எண்ணாத பல்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழரை வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகியிருக்கிறது. “பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்கிறார் மாமியார். பல்லை முளைக்கவைக்கும் மருந்தே ஜப்பானில் வந்துவிட்டது என்று கணவர் செய்தியைக் காட்டுகிறார். நான் வீணாகப் பதறுகிறேனா?

க., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள க.,

பையனை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பல்லின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விழுந்த இடத்தையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். பால்பல் வரிசை ஐந்தோடு முடிந்துவிடும். சொத்தை ஆறாவதில் என்றால் உங்கள் பதற்றம் நியாயம். அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. ஆறு வயதை ஒட்டி, எதையும் தள்ளாமல், பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும் நிலைப்பல். முன்பல் விழுந்தால் கூரைமேல் எறிய வீடே கூடும். இது வந்ததை யாரும் கவனிப்பதில்லை.

இத்தனைக்கும் பிறந்த வேளையிலேயே தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிற பல் இது. வயிற்றிலிருந்து வெளியே வரும்போது உடலில் நேரும் மாற்றம், பல்லின் கெட்டியான மேற்பூச்சான எனாமலில் மெல்லிய கோடாகப் பதிகிறது. பல்லை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், பால்பற்களிலும் பெரும்பாலும் இந்த முதல் நிலைப்பல்லிலும் அந்தப் பிறப்புக்கோடு தெரியும். பேரன் பிறந்த நாளையே குறித்துவைத்திருக்கும் பல்லைத்தான் பாட்டி கணக்கில் சேர்க்கவில்லை.

எனாமலைக் கட்டிய செல்கள் பல் வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடும். எனாமலில் விழுந்த குழி தானாக மூடாது.

கணவர் காட்டிய செய்தி பொய்யல்ல. யூசாக்-1 என்ற புரதம் பல் வளர்ச்சிக்குப் போடும் தடையை நீக்கும் மருந்து அது. எலியிலும், ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கிலும் பல் முளைத்தது. 2024-இல் கியோட்டோவில் தொடங்கிய சோதனை, கடைவாய்ப்பல் ஒன்றாவது இல்லாத 30 முதல் 64 வயதுவரையிலான 30 ஆண்களிடம், மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கு. அதை நம்பி ஏழரை வயதுப் பல்லைக் கிடத்திவைக்க முடியாது.

எனக்கு இடப்பக்கம் அந்தப் பல் இல்லை. எங்கள் வீட்டிலும் பால்பல் என்றே இருந்தார்கள். பதினோரு வயதில், பொங்கல் கழிந்த வாரம் பிடுங்கினார்கள். பின்பல் அந்த இடத்தில் சாய்ந்துகொண்டது. பண்ருட்டி முந்திரி அங்கே சிக்கினால் நாக்கு கால்மணி நேரம் போராடும். கரும்பு எப்போதும் வலப்பக்கம்தான்.

சிறு குழி என்றால் அடைத்தாலே போதும். புதுச்சேரி இந்திரா நகரிலும் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது மற்ற மூன்று மூலைகளில் இருக்கும் இதே பல்லையும் காட்டுங்கள். மேற்பள்ளங்களில், சொத்தை விழாமல் மூடிக் காக்கும் சீலன்ட் பூசலாமா என்று கேளுங்கள்.