ட்ரூபல் 7-ல் இருக்கும் தமிழ்த் தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஒரு வாரம் போதுமா?

"ஒரு வாரம்" என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் ஒருவரிடம் "பத்து நாள்ல முடிச்சிரலாம் சார்" என்று சொன்னவன்தான் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு நாலு மாதம் ஆனது.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். 2012, 2013 வாக்கில் யாரோ ஒரு தம்பி ட்ரூபலில் (தளம் கட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கட்டிக் கொடுத்த தளம். அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. பிஎச்பி (ட்ரூபல் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) பதிப்பை ஏற்றப்போகிறோம் என்று ஹோஸ்டிங்காரரிடமிருந்து மெயில் வந்திருக்கும், அதனால்தான் இந்த அவசரம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

ட்ரூபல் 7 வந்தது 2011 ஜனவரி 5. ஆதரவை நிறுத்தியது 2025 ஜனவரி 5. நடுவில் பல தடவை கெடுவைத் தள்ளிப்போட்டார்கள். "இந்தத் தடவையும் தள்ளுவாங்க" என்று உட்கார்ந்திருந்த கோஷ்டியில் நானும் ஒருவன். 'ஓடுகிற வரை ஓடட்டுமே' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். அவர்களுக்கு ஒன்று மட்டும்: 2014 அக்டோபரில் ட்ரூபல் 7-ல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காதவர்கள் தங்கள் தளம் பறிபோனதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பாதுகாப்புக் குழுவே எழுதியது. அப்போதாவது அடைக்க ஒரு பேட்ச் கொடுத்தார்கள்.

வேர்ட்பிரஸ் மாதிரி ஒரு பட்டனை அமுக்கினால் ஏறிவிடும் என்று நினைத்திருந்தால், அந்த வழி இங்கே இல்லை. 2015-ல் வந்த 8-ஆம் பதிப்பை சிம்ஃபனி என்ற பிஎச்பி கட்டமைப்பை அடித்தளமாக வைத்துப் பெரும்பாலும் புதிதாக எழுதினார்கள். அதனால் 10-ஐயோ 11-ஐயோ காலியாகத் தனியே நிறுவி, பழைய டேட்டாபேஸிலிருந்து மைக்ரேட் என்ற மாட்யூல் (ட்ரூபலின் துணை நிரல்) மூலம் இழுக்க வேண்டும். பதிவுகள், பயனர்கள், வகைப்பாடுகள், படங்கள் வந்துவிடும். வியூஸில் கட்டிய பட்டியல்கள் வராது. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் வராது, பழையது பிஎச்பி டெம்ப்ளேட், புதியது ட்விக் என்ற வேறு டெம்ப்ளேட் மொழி, உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பத்து நாள் சொன்னேன். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை, பழைய மாத இதழ் ஒன்றின் பக்கங்களைத் தளத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 1,400 பதிவுகள், அதில் 600 போலச் செய்யுள். எல்லாவற்றையும் தட்டச்சு செய்தது அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்கா. பழைய தளத்தில் எடிட்டர் எதுவும் கிடையாது, வெறும் பெட்டி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு என்டர் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பக்கத்தைக் காட்டும்போது அந்த என்டரை வரி முறிவாக மாற்றிக் கொடுப்பது ஒரு ஃபில்டர்தான். டேட்டாபேஸில் என்டர் மட்டும்தான் இருக்கும், முறிவுக் குறி இருக்காது.

பதிவுகள் எல்லாம் ட்ரூபல் 10-க்கு ஒழுங்காக வந்து சேர்ந்தன. கடைசி நாள் ராத்திரி, அக்காவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சிகேஎடிட்டர் 5 என்ற எடிட்டரைப் போடப் போனேன். வரி முறிவு ஃபில்டர் இருந்தால் இது வேலை செய்யாது என்று சிவப்பில் ஒரு செய்தி வந்தது. முழுசாகப் படிக்கவில்லை. ஃபில்டரின் டிக்கை எடுத்தேன், சிவப்பு போய்விட்டது. மூன்று பக்கம் திறந்து பார்த்தேன். மூன்றும் கட்டுரை, முன்பே பத்திக் குறிகளோடு ஏற்றியவை. நன்றாக இருந்தன. தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன். "தம்பி, பாட்டெல்லாம் ஒரே வரியா ஓடிடுச்சுப்பா. பரவால்ல, நான் காலையிலேருந்து பிரிச்சுகிட்டிருக்கேன். அறுபது முடிஞ்சுது."

"அக்கா, கையை எடுங்கக்கா" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

அவர் தொடாத பாட்டில் எல்லாம் பழைய என்டர் டேட்டாபேஸில் அப்படியே இருந்தது; ஒரு ஸ்கிரிப்டில் முறிவாக மாற்றிவிட்டேன், அரை மணி நேர வேலை. அவர் திறந்து சேமித்த அறுபதில்தான் சிக்கல். புது எடிட்டரில் வெறும் என்டர் தட்டினால் புதுப் பத்தி பிறக்கும், ஷிஃப்டோடு தட்டினால்தான் வரி முறியும். அடிக்கு அடி இடைவெளி விட்டு, நாலு அடி வெண்பா நாலு பத்தியாக நின்றது. பழைய டேட்டாபேஸிலிருந்து அந்த அறுபதை மட்டும் மறுபடி இழுத்திருக்கலாம். ஆனால் பிரிக்கும்போதே வருஷக்கணக்காகக் கண்ணில் உறுத்திய எழுத்துப் பிழைகளையும் திருத்தியிருந்தார். அதை எப்படி அழிப்பது? ஒவ்வொன்றாக இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூலத்தைப் பார்க்காமலே அறுபதையும் பிரித்திருக்கிறார், ஓர் இடத்திலும் அடி தப்பவில்லை. எப்படி என்று கேட்டேன். "வாய் விட்டுப் படிச்சா தெரியாதா? வெண்பான்னா கடைசி அடி மூணு சீர்ல நின்னுடும்ல" என்றார். நான் எழுதிய எந்த ஸ்கிரிப்டுக்கும் இது தெரியாது.

சந்தேகம் வந்த இடங்களை அச்சோடு ஒப்பிடலாம் என்று, அந்த இதழ்களை மறுபதிப்பாகத் தொகுத்த அச்சகத்தில் கோப்பு கேட்டோம். வந்தது பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில். எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டுகிறது. யூனிகோடில் தாருங்கள் என்றால் "லேஅவுட் உடைஞ்சிடும் சார்" என்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. இன்னும் இதே பதில். தமிழ் வளர்ச்சி பற்றி மேடையில் பேசுபவர்களின் புத்தகமும் இதே எழுத்துருவில்தான் அச்சாகிறது. நீங்கள் கேட்காத விஷயம்தான், வயிற்றெரிச்சல், விடுங்கள்.

நாலு மாதத்தில் இந்தக் கூத்து மூன்று வாரம். மிச்சம் தீமும் வியூஸும், அறக்கட்டளைக்காரர்கள் முகப்புப் படத்தைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நாட்களும். பேக்டிராப் என்ற மென்பொருளுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆம், போயிருக்கலாம். ட்ரூபல் 7-லிருந்து பிரிந்ததுதான், நேரடியாக ஏற வழியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் தளம் சின்னது என்றால் அதையும் பாருங்கள், நான் தடுக்கவில்லை.

உங்களுடையது தமிழ்த் தளம் என்பதால் செய்யுளும் இருக்கலாம். மைக்ரேட் முடிந்ததும் முதலில் ஒரு பாட்டைத் திறங்கள், திருத்துங்கள், சேமியுங்கள், பிறகு வெளியே வந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் இன்னும் அங்கே வேலை பார்த்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் அவரை முதல் தடவை பார்த்ததே தளம் ஏறி இரண்டு வாரம் கழித்துத்தான்.