ஹுதைபிய்யா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றை இப்போதுதான் படிக்கிறேன். பத்ர், உஹத், அகழ்ப்போர் என்று சண்டைகளாகவே வருகிறது. பத்ரில் முந்நூற்றுச் சொச்சம் பேராக இருந்தவர்கள் மக்காவையே எப்படிப் பிடித்தார்கள்? வாள்தான் காரணமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போர்கள் நடந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் கி.பி. 628-ஐத் தாண்டிப் போய்விடுவீர்கள். என்னைக் கேட்டால் எல்லாம் திசைமாறியது அங்கேதான்.

அந்த வருடம் நபிகள் நாயகம் சுமார் 1,400 பேருடன் மதீனாவிலிருந்து உம்ராவுக்கு, அதாவது மக்காவுக்கான புனிதப் பயணத்துக்குக் கிளம்பினார். இஹ்ராம் என்னும் புனிதப் பயண உடை, பலி ஒட்டகங்கள், உறைக்குள் வாள். மக்காவுக்கு அருகே உள்ள ஹுதைபிய்யாவுக்கு மேல், மக்காவைக் கையில் வைத்திருந்த குறைஷிக் குலத்தார் விடவில்லை. அவர்கள் தரப்பில் பேச வந்தவர் சுஹைல் இப்னு அம்ர். ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்தவர் நபிகளின் மருமகன் அலீ. 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மது' என்று எழுதியதும் சுஹைல் தடுத்தார். உங்களைத் தூதர் என்று ஒப்புக்கொண்டிருந்தால் நாங்கள் ஏன் மறிக்கப்போகிறோம், தகப்பனார் பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள் என்றார். அலீக்கு அழிக்க மனம் வரவில்லை. நபிகளே அழித்தார்.

அப்புறம் ஷரத்துகள். பத்து வருடம் போர் கிடையாது. இப்போது திரும்பிப் போய், அடுத்த வருடம் மூன்று நாள் மட்டும் வரலாம். மக்காவிலிருந்து தப்பி வருகிறவரை முஸ்லிம்கள் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து ஓடிவருகிறவரைக் குறைஷிகள் அனுப்ப மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கால்விலங்கோடு ஒருவர் வந்து சேர்ந்தார். முஸ்லிமாகிவிட்ட அபூ ஜந்தல், சுஹைலின் சொந்த மகன். அவரையும் திருப்பித்தான் அனுப்பினார்கள். நபிகளின் நெருங்கிய தோழர் உமர் கொதித்துப்போய், நாம் சத்தியத்தில் இல்லையா என்று நபிகளிடமே கேட்டார். பயணத்தை இங்கேயே முடித்துக்கொள்ள, பலியிட்டு முடி மழியுங்கள் என்று நபிகள் சொன்னபோது ஒருவரும் எழவில்லை. நபிகளின் மனைவி உம்மு ஸலமாதான் வழி சொன்னார்: யாரிடமும் பேசாதீர்கள், நீங்கள் போய் முதலில் செய்யுங்கள். நபிகள் செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

தோற்றுத் திரும்புவதாகத்தான் பலருக்கும் பட்டது. ஆனால் குறைஷிகளோடு சண்டை நின்றதும் வழிகள் திறந்தன, மக்கள் கலந்து பேசினார்கள். அதே பயணத்தில் குதிரைப்படையோடு மறிக்க வந்த காலித் இப்னு வலீத், அடுத்த வருடம் தானாகவே மதீனா வந்து இஸ்லாத்தில் சேர்ந்தார். வேறு தரப்புகளோடு நடந்த கைபர், முஃதா சண்டைகளும் இந்தக் காலத்தில் உண்டு, சரி. ஆனால் 630-இல் நபிகளோடு மக்காவுக்கு நடந்தவர்கள் 10,000 பேர். பெரிய சண்டையே இல்லாமல் ஊர் கைக்கு வந்தது. இவ்வளவு பேரை அமைதிதான் சேர்த்தது என்பது என் உறுதியான எண்ணம்.

திருப்பி அனுப்பும் ஷரத்து உங்களை உறுத்தும். என்னையும் உறுத்துகிறது. அபூ ஜந்தல் மறுபடி தப்பினார். மதீனாவுக்குப் போக முடியாதே, அதனால் தன்னைப் போலவே தப்பிவந்த அபூ பஸீர் என்பவரோடு கடற்கரைப் பக்கம் சேர்ந்துகொண்டார். அங்கே திரண்டவர்கள் மக்காவின் வணிகக் கூட்டங்களை வழிமறிக்க, இவர்களை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் குறைஷிகளே மதீனாவுக்கு ஆள் அனுப்பினார்கள்.