பிளஸ் டூல ஃபெயில் ஆயிட்டா, மார்க் பத்தலன்னா: உங்க கேள்விகளுக்கு பதில்

ரிசல்ட் வந்ததுல இருந்து கேள்வி குவியுது. நிறைய பேரு ரெண்டு மூணு நாள் ரூம்ல அழுதுட்டு அப்புறம் தான் கேக்குறாங்க, சப்ளிக்கு, அதாவது துணைத் தேர்வுக்கு, அப்ளை பண்ற தேதி அதுக்குள்ள பாதி ஓடிடுது. தயவுசெஞ்சு முதல்ல தேதிய பாருங்க, மத்தது அப்புறம்.

பிசிக்ஸ்ல மொத்தம் 43 இருக்கு டீச்சர். பாஸ் மார்க் 35 தானே, எப்படி ஃபெயில்?

தியரில 13 தான வந்திருக்கு, ப்ராக்டிகல் 20, இன்டர்னல் 10 சேர்ந்து தான் இந்த 43. பிராக்டிகல் இருக்குற சப்ஜெக்ட்ல எழுத்துத் தேர்வு 70க்கு, அதுல கண்டிப்பா 15 எடுக்கணும், இல்லனா மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஃபெயில் தான்ப்பா. ஆனா உனக்கு வேணும்கிறது இன்னும் ரெண்டே மார்க், பிராக்டிகல், இன்டர்னல் மார்க் அப்படியே இருக்கும், தியரி மட்டும் எழுதுனா போதும். கொஸ்டின் பேப்பர்ல ஒரு மார்க் கேள்வியே 15 இருக்கு, அத புக் பேக்ல இருந்து ஒண்ணு விடாம படி, கூடவே அஞ்சு மார்க் டெரிவேஷன் ஒரு ஆறு ஏழு எழுதி எழுதிப் பாரு. முழு புக்கையும் புதுசா தூக்கி வச்சுட்டு பயந்துக்காத.

மறுமதிப்பீடு போடப் போறேன், அது வந்த பிறகு சப்ளிக்கு அப்ளை பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம், ரெண்டையும் சேத்தே பண்ணு. முதல்ல விடைத்தாள் நகல் வாங்கணும், அத பாத்துட்டு தான் மறுகூட்டலா மறுமதிப்பீடான்னு போகணும், அந்த ரிசல்ட் வரதுக்குள்ள சப்ளி அப்ளிகேஷன் முடிஞ்சிருந்தா என்ன பண்ணுவ? சப்ளி ஃபீஸ் போனா போகட்டும், ஒரு வருஷம் போகக் கூடாது. நகல் கையில வந்ததும் உங்க சப்ஜெக்ட் சார்கிட்ட காட்டு, நீயா முடிவு பண்ணாத.

சப்ளில பாஸ் ஆனா இந்த வருஷமே இன்ஜினியரிங் சேர முடியுமா?

முடியும். டிஎன்இஏல, அதாவது தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்ல, சப்ளில பாஸ் ஆனவங்களுக்குன்னே துணைக் கலந்தாய்வு நடக்கும். கட்-ஆஃப் அதே கணக்கு தான், மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. மெயின் ரவுண்டுல நிரம்பாத சீட்டு தான் இங்க வரும், அதனால பெரிய காலேஜ எதிர்பாக்காத.

பையன் பிளஸ் டூ எல்லாம் பாஸ், பிளஸ் ஒன் மேத்ஸ் மட்டும் அரியர் நிக்குது. காலேஜ்ல சேக்க மாட்டேங்குறாங்க மேடம்.

இது நிறைய வீட்ல நடக்குதுங்க, பிளஸ் டூ போயிட்டோமேன்னு பிளஸ் ஒன் அரியர மறந்துடுறாங்க. பிளஸ் ஒன் பொதுத் தேர்வு எழுதுன பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷத்துலயும் எல்லா பாடமும் பாஸ் ஆனா தான் மதிப்பெண் சான்றிதழ், அதுவரைக்கும் வெறும் மதிப்பெண் பட்டியல் தான் தருவாங்க. பிளஸ் ஒன் பொதுத் தேர்வ ரத்து பண்ணிட்டாங்களேன்னு அரியர் தானா போயிடாது, எழுதித் தான் ஆகணும். பிளஸ் ஒன் துணைத் தேர்வுக்கு உடனே பதிவு பண்ணுங்க, அவன திட்டாதீங்க, ஒரு பேப்பர் தான்.

பாஸ் ஆயிட்டேன், ஆனா மார்க் கம்மி. இம்ப்ரூவ்மென்ட் எழுதலாமா?

நம்ம ஸ்டேட் போர்டுல பாஸ் ஆன பாடத்த மார்க்குக்காக திரும்ப எழுத முடியாதும்மா, யாராவது எழுத வைக்கிறேன்னு காசு கேட்டா குடுத்துடாத. சிபிஎஸ்இ பிள்ளைங்களுக்கு வழி இருக்கு, 12வதுல ஒரு சப்ஜெக்ட் அதே வருஷ சப்ளிமெண்டரில எழுதலாம், கூட வேணும்னா அடுத்த வருஷ மெயின் எக்ஸாம்ல. நீட் தான் குறின்னா பிளஸ் டூ பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜில பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40 இருந்தா போதும், ரேங்க் முழுசா நீட் மார்க் தான். இந்த அளவு இருந்தா பிளஸ் டூ மார்க்க நெனச்சு ஒரு வருஷம் வீணாக்காத, அந்த நேரத்த நீட்ல போடு.

எனக்கு 24 வயசு, ஒரு குழந்தை இருக்கு. பத்தாவதுல இங்கிலீஷ், மேத்ஸ் ரெண்டும் போச்சு. இப்ப எழுதுனா சிரிப்பாங்களா அக்கா?

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்மா, ஹால்ல உன்ன விட வயசானவங்களும் உக்காந்திருப்பாங்க. பாஸ் ஆன மூணு பாடம் பாஸ் தான், இந்த ரெண்ட மட்டும் எழுது, சயின்ஸ் பிராக்டிகல் தொல்லையும் உனக்கு இல்ல. பாடத்திட்டம் 2019ல மாறிடுச்சு, பழைய புக்க எடுத்துப் படிக்காத, புதுசு பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது. இங்கிலீஷ் முன்ன மாதிரி ரெண்டு பேப்பர் கிடையாது, ஒரே பேப்பர். மேத்ஸ்ல ஜியோமெட்ரி, கிராஃப் ரெண்டும் தினம் ஒண்ணு போட்டுப் பழகு, ரெண்டும் சேந்து 16 மார்க். தனித்தேர்வரா அப்ளை பண்ண உங்க ஊர் பக்கத்துல இருக்குற அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேர்ல போ, பழைய மார்க் ஷீட்ட மறக்காம எடுத்துட்டுப் போ. தேதி தப்பிடுச்சுன்னா தட்கல்ல கூடுதல் ஃபீஸ் கட்டி பதிவு பண்ணலாம்.