அடைப்பு எத்தனை சதவீதம், டாக்டர்?

இரத்தக் குழாய்ச் சுருக்கம், உடம்பின் மற்றக் குழாய்களில் வரும் சுருக்கம் பற்றிக் கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் சொன்ன பதில்கள்.

கூடலூர்: ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அப்பாவுக்குக் கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே வலிதான். அவருக்கு முதுகெலும்பில் சுருக்கம் என்றார்கள். அப்பாவுக்கும் அதுதானா?

வலி வந்ததும் அப்பா என்ன செய்கிறார் என்று பாருங்கள், தம்பி. நின்ற இடத்திலேயே சில நிமிடம் நின்றால் விடுகிறது என்றால் சந்தேகம் கால் இரத்தக் குழாய் மேல். உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் தண்டுவடக் கால்வாய் மேல். குனியும்போது அந்தக் கால்வாய் கொஞ்சம் விரியும். அதனால் அந்த மாமா சைக்கிளைத் தாராளமாக மிதிப்பார், மேட்டில் குனிந்தபடி ஏறிவிடுவார், இறக்கத்தில்தான் திணறுவார். குழாய் சுருங்கியவருக்கு ஏற்றம்தான் எமன். மலையடிவாரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் சுலபமாகப் பிடிபடும். மலையடிவார ஊரில் இருந்துகொண்டு இதற்கு எடுத்தவுடன் எம்.ஆர்.ஐ. எதற்கு? முதலில் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு இரத்தம் குறைவாகப் போகிறது என்று பொருள்.

அதே தம்பி: அப்பா தினம் ஒரு கட்டு பீடி குடிப்பார். குறைத்துக்கொண்டால் போதுமா?

போதாது. அறவே விட வேண்டும். பீடி, சிகரெட் குடிக்கும் ஆண்களுக்கு 45 வயதுக்குள்ளேயே கால்விரல் கறுத்துப்போகும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. புகையை விடாதவருக்கு அதில் எந்த மருந்தும் பெரிதாகக் கைகொடுக்காது, விரலில் தொடங்கிக் காலை எடுப்பதில் போய் நிற்கும். அப்பாவுக்கு அதுவா, சாதாரணக் கொழுப்புப் படிவா என்பது பரிசோதனையில் தெரியும். எதுவானாலும் பீடி ஆகாது. புண் எதுவும் இல்லையென்றால், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதே நல்ல மருந்து. விரலில் ஆறாத புண், ராத்திரியில் படுத்திருக்கும்போதே வலி என்றால் நாள் கடத்தாமல் தேனிக்கோ கோட்டயத்துக்கோ மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போங்கள்.

வண்டிப்பெரியாறு: ஆஞ்சியோவில் எனக்கு இதயக் குழாயில் 60 சதவீத அடைப்பு. மாத்திரை மட்டும்தான் தந்தார்கள். எங்கள் எஸ்டேட் லயத்தில் இன்னொருவருக்கு 80 சதவீதம் என்று ஸ்டென்ட் (குழாயை விரித்துப்பிடிக்கும் வலைக்குழல்) வைத்தார்கள். என்னைக் கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. அந்தச் சதவீதம் பெரும்பாலும் படத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. சந்தேகமான இடத்தில் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு அழுத்தத்தை அளப்பார்கள். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்து 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் இரத்த ஓட்டம் உண்மையிலேயே தடைபடுகிறது. நெஞ்சுவலி கட்டுக்குள் உள்ளவர்களுக்கு, தொடக்கத்திலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வது மாத்திரையைவிட மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை என்றுதான் 2019இல் அறிவிக்கப்பட்ட ‘இஸ்கீமியா’ என்ற பெரிய மருத்துவ ஆய்வும் காட்டியது. இதயத்தின் இடது பிரதானக் குழாய் இதற்கு விலக்கு, அங்கே 50 சதவீதமே கவலைக்குரியது. சும்மா இருக்கும்போதே வலி வந்தால் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

கம்பம்: மகனுக்கு நாலு வாரம். பால் குடித்ததும் பீய்ச்சியடிப்பதுபோல் கக்குகிறான். உடனே பசி என்று அழுகிறான். மாமியார் உரை மருந்து கொடுக்கலாம் என்கிறார்.

வேண்டாம் அம்மா, இன்றைக்கே தூக்கிப்போங்கள். இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து வழி சுருங்கும்போது இப்படித்தான் வரும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். ஸ்கேனில் தெரிந்துவிடும். முதலில் குளுக்கோஸ் ஏற்றி உப்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு அந்தத் தசையை மட்டும் கீறிவிடுவார்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் 1912இல் செய்து காட்டிய அதே அறுவை, இன்றும் நன்றாகப் பலிக்கிறது. கக்குவது பச்சையாக இருந்தால் அது வேறு அடைப்பு, இன்னும் அவசரம்.

குமுளி: தங்கைக்கு 24 வயதிலேயே பிரஷர் 170. டென்ஷன் என்கிறார்கள்.

இந்த வயதில் டென்ஷன் என்று சொல்லி விட்டுவிட முடியாது. இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கையில் நாடி மெலிந்திருந்தால் தகாயாசு என்ற குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனும் வேண்டும்.

கம்பம்: ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம். பல் பிடுங்க வேண்டும், இரத்தம் உறையாத மாத்திரைகளை நாமாக நிறுத்தலாமா?

கூடவே கூடாது. ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்துவிடும். பல் இரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் சீட்டைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள்.