டைல்ஸ் தரை வீட்டுக்கு வேக்குவம் கிளீனர் வாங்கும்போது வாட்ஸ் அதிகம் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. தூசியை இழுக்கும் வலு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் வயர் வைத்த வீட்டு மாடல்களுக்கு 900 வாட்ஸ்தான் உச்சம். அங்கே யார் வீடும் குப்பையாகிவிடவில்லை. உறிஞ்சுதிறனைக் கிலோபாஸ்கலிலோ ஏர்வாட்டிலோ (மேலே சொன்ன வாட்ஸ் அல்ல, இழுக்கும் வலுவின் அளவு) போட்டிருக்கிறார்களா, பாருங்கள்.

டைல்ஸைப் பெருக்கத் துடைப்பமே போதும் என்பது என் கட்சி. மெஷினுக்கு உண்மையான வேலை சோபா இடுக்கிலும் மெத்தையிலும் ஜன்னல் சட்டத்திலும்தான். ஆகவே ஒடுக்கமான முனை, சின்ன பிரஷ் கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

வீட்டில் யாருக்காவது தூசி அலர்ஜி இருந்தால் ஹெப்பா ஃபில்டர் அவசியம், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். கழுவும் ரகம் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். நான் அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினேன். கூடமெங்கும் நனைந்த சாக்கு நாற்றம்.

வயர் இல்லாதது கைக்கு லகுதான், ஆனால் முழு வேகத்தில் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அப்புறம், தூசி சேர்வது பையிலா டப்பாவிலா? டப்பா என்றால் மாற்றுப் பை தேடி அலைய வேண்டாம். கொட்டும்போது தூசி பறக்கும், அவ்வளவுதான். அலர்ஜிக்காரர் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.