துச்சாதனன் கொஞ்சம் நிற்கட்டும்

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து நவீன நாடகக் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கு ஐயாயிரம் போட்டு 35 ஆயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். குறைந்த செலவில் குழுவைத் தொடர்ந்து நடத்த என்ன வழி? முதல் சில காட்சிகளுக்கு ஓசி பாஸ் கொடுத்தாவது அரங்கை நிரப்பலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குரோம்பேட்டை.

பதில்: மேடையேற வந்தவருக்குப் பெயரை வெளியிட விருப்பமில்லை. விளம்பரச் செலவு மிச்சம். போகட்டும், 'ஓசி' என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகப் போகும் தபாலுக்குக் கட்டணம் கிடையாது என்றும், அதற்கு அடையாளமாக உறைமேல் 'ஓ', 'சி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குறித்தார்கள் என்றும், அதுவே தமிழில் 'ஓசி' ஆயிற்று என்றும் ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. மெய்யோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. நாடகக்காரர்களையும் நாம் கம்பெனி என்றுதானே அழைத்தோம்? ஒரு கம்பெனி ஓசியில் கடிதம் அனுப்பி நாட்டை வளைத்துப்போட்டது. இன்னொரு கம்பெனி ஓசியில் ஆட்களை உள்ளே விட்டு வளையலை அடகு வைத்தது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கியபோது அவர் முன்னால் இருந்த கணக்கு எளிமையானது. இத்தனை பையன்கள், இத்தனை வேளை, இத்தனை படி அரிசி. 'கம்பெனி வீடு' என்று ஒன்று இருக்கும். எல்லோரும் அங்கேதான் சாப்பாடு, படுக்கை, பாடம், உதை. எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணனும் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது கலைத்தாகத்தால் அல்ல, வயிற்றுப் பசியால். அன்றைய கம்பெனி முதலாளிகள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் சோற்றுச் செலவு நாடகச் செலவில் சேர்த்தி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்குத் தெரியவில்லை. 35 ஆயிரத்துக்கு நீங்கள் அனுப்பிய பட்டியலில் அரங்க வாடகை, விளக்கு, வேன், ஒப்பனை எல்லாம் இருக்கின்றன. டீ இல்லை. ஏழு பேர், நாளைக்கு இரண்டு டீ, ஒரு டீ 15 ரூபாய், 40 நாள் ஒத்திகை: 8,400 ரூபாய். வடை சேர்க்கவில்லை. உங்கள் முதலில் ஏறக்குறைய கால் பங்கு டீக்கடைக்குப் போகிறது. தமிழ் நவீன நாடகத்தால் லாபம் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்து டீக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் யாருக்கும் பாஸ் கொடுத்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒத்திகைக்கு இடம் தேடி அலையாதீர்கள். ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். மேலாளரிடம் நயமாகப் பேசினால் சாப்பாட்டுக் கூடத்தை மின்சாரச் செலவுக்கே விடுவார். சாம்பார் வாசனையில் சோக நடிப்பு சற்றுச் சிரமம், பழகிவிடும். மார்கழியிலும் மண்டபம் சும்மாதான் கிடக்கும். ஆனால் சென்னையில் அந்த மாதம் கச்சேரிக்குப் போட்டியாக எதையும் தொடங்காதீர்கள். கேன்டீனில் தோற்றுவிடுவீர்கள்.

இப்போது பாஸ். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு குழு நடத்தியவன்தான். ஒரு விமர்சகருக்கு மரியாதையோடு பாஸ் கொடுத்தோம். தாமதமாக வந்தார், முன் வரிசை கேட்டார், பாதியில் எழுந்து போனார். இடைவேளை இல்லாத நாடகத்தில் தனக்கென்று ஓர் இடைவேளையை அவரே ஏற்படுத்திக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு பத்திரிகையில் மூன்று பக்கம் எழுதினார். பிற்பகுதியில் நடிப்பு மிகை, ஒளியமைப்பு கண்ணைக் கூசவைத்தது என்றார். அன்றைக்குப் பிற்பகுதியை நாங்கள் நடிக்கவே இல்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டருக்குக் காசில்லாமல், எல்லோரையும் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது நான்காவது முறை. அவர் இன்னமும் மறுப்பு எழுதவில்லை. ஆனால் படிக்கிறார். அவருக்குப் போகும் இதழும் இலவசப் பிரதிதான். நிறுத்தச் சொன்னால் எங்கள் நிர்வாகப் பிரிவு சிரிக்கிறது.

உடனே ஒருவர் எழுதுவார்: "நமது மரபில் கூத்து இலவசம்தானே? டிக்கெட் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது." போன வருடமும் இதே கடிதம் வந்தது. ஐயா, கூத்து என்றைக்கு இலவசமாக இருந்தது? திருவிழாவுக்கு முன்பே ஊரில் தலைக்கட்டு வரி வாங்கிவிடுவார்கள். ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்த பிறகுதான் பேச்சே. பாயை விரித்து விடியவிடியப் பார்க்கிறவர்கள் எல்லோரும் காசு கொடுத்தவர்கள். அதற்குமேல் அன்பளிப்பு வேறு. திரௌபதியின் தலைமயிரைப் பற்றி இழுத்துக்கொண்டு துச்சாதனன் வருகிறான். அம்மாள்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் ரூபாய் நோட்டை நீட்டுகிறார். துச்சாதனன் நிற்கிறான். திரௌபதியும் நிற்கிறாள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முன்னால் வந்து, மேலத்தெரு இன்னார் மகன் இன்னார், திரௌபதி வேஷத்தை மெச்சிக் கொடுத்தது பத்து ரூபாய் என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்கிறான். கீழத்தெருக்காரர் பொறுப்பாரா? இருபது வருகிறது. துச்சாதனன் இன்னும் நிற்கிறான். பிடித்த கை பிடித்தபடி. மேலத்தெருவிலிருந்து ஐம்பது வருகிறது. மிருதங்கக்காரர் இதற்குள் வெற்றிலை போட்டுவிடுகிறார். வரவெல்லாம் வந்து முடிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து மயிரைப் பிடித்து இழுக்கிறான். அழுகையும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை. உலகத்தின் எந்த அரங்கக் கோட்பாட்டாளரும் இந்த வசூல் முறையை விளக்கியதாக நான் படித்ததில்லை.

கோட்பாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. போலந்து நாடக இயக்குநர் க்ரோட்டோவ்ஸ்கியை நம்மவர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பார்கள். காட்சியமைப்பும் ஒப்பனையும் வேண்டாம், நடிகனின் உடல் போதும் என்ற 'ஏழை அரங்கு' அவருடையது. 1959இல் ஓப்போலே என்ற ஊரில் பதின்மூன்று வரிசை நாற்காலி கொண்ட அரங்கில் தொடங்கினார். எல்லாம் சரி. அந்த ஏழை அரங்குக்கு மானியம் கொடுத்தது போலந்து அரசாங்கம். நாமோ மேடையில் அரண்மனை கட்டி, நடிகனுக்குப் பஸ் கட்டணம் கொடுக்காமல் பணக்கார அரங்கு நடத்தினோம்.

உங்களுக்கு உதவக்கூடியவர் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார்தான். நகரமைப்புத் துறையில் வேலை பார்த்தவர். இடத்தின் அருமையும் வாடகையின் கொடுமையும் தெரிந்தவர். மேடையை விட்டு இறங்கி, எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய, செலவு குறைந்த நாடகத்தைக் கொல்கத்தாவின் பூங்காவில் நடத்தினார். பார்க்கிறவர்கள் விரும்பித் தந்ததை வாங்கிக்கொண்டார். 1980இல் அவர் சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்திப் போன பிறகு தமிழ்நாட்டில் பல பேர் தெருவுக்கு வந்தார்கள். பின்னாளில் நாங்களும் ஒரு பள்ளி மைதானத்தில் நடித்துவிட்டுத் துண்டேந்தினோம். 86 ரூபாயும் ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. எண்ணி முடித்துப் பார்த்தால் துண்டைக் காணவில்லை. புதுத் துண்டு.

மானியம் பற்றியும் கேட்பீர்கள். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழு, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்த பிறகுதான் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரப் பயிற்சி தர முடிந்தது. அங்கே கணக்கர் ஒருவரும் வேலைக்கு வந்தார். கணக்குப் பார்க்க ஆள் வைத்திருந்த நவீன நாடகக் குழு என்று பெருமைப்படலாம் என்றால், அந்தக் கணக்கர் விஜய் சேதுபதி. அவரும் சினிமாவுக்குப் போய்விட்டார். உங்கள் ஏழு பேரில் நன்றாகக் கணக்கு எழுதுகிறவர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசியில் நாடகம் படித்தவர்களும் இருந்தார்கள்: போலீஸ்காரர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, நாடகப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்கச் சொன்னார்கள். 1978 முதல் பரீக்ஷா என்ற நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. இத்தனை சௌகரியம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. போதாதற்கு 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. அரசாங்கமே விற்கச் சொல்கிறது; நீங்கள் சும்மா கொடுக்கிறேன் என்கிறீர்கள்.

நூறு ரூபாய் வையுங்கள். மாணவர்களுக்கு ஐம்பது. முப்பது பேர் வந்தால் முப்பது நாற்காலி போடுங்கள், முந்நூறு போட்டுவிட்டுக் காலி நாற்காலிக்கும் வாடகை கொடுக்காதீர்கள். நடிகரின் அம்மாவும் டிக்கெட் வாங்கட்டும். காசை நடிகரே வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம், தவறில்லை.

உங்கள் கடிதத்தோடு எனக்கு இரண்டு பாஸ் வைத்திருந்தீர்கள். நாள், நேரம், அரங்கம், சிறப்பு விருந்தினர் மூவரின் பெயர்கள், பொன்னாடை போர்த்துகிறவரின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. நாடகத்தின் பெயரைக் காணோம். அதுவும் வெளியிட விருப்பமில்லையா? பாஸ்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருநூறு ரூபாயோடு வாசலில் நிற்பேன். மூன்று விருந்தினர்களும் பேசி முடிக்கும் நேரத்தை மட்டும் தெரிவியுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.